பிள்ளைகளுக்கு வரும் அரிதான நோய்களின் மரபணு ஆய்வு: இந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

நல்லூர்ப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்துவிட்டு இங்கேயே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம், சிறுநீர், பிசிஆர், மழைக்காலம் வந்தால் டெங்குவுக்கு பிளேட்லெட் எண்ணிக்கை, இதுதான் என் நாள். போன கிழமை கூடப் படித்த ஒருத்தி ஒரு விளம்பரம் அனுப்பினாள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்கு ஆள் தேடுகிறார்கள். சிறுவயதில் வருகிற அரிதான நோய்களுக்கு எந்த மரபணு காரணம் என்று தேடுகிற குழு. ஆய்வு உதவியாளர் பதவி, மூன்று வருட ஒப்பந்தம், கலாநிதிப் பட்டம் கட்டாயம் இல்லை. ஆனால் எக்ஸோம், ஜீனோம் தரவுகளைப் பகுத்தாய்ந்த அனுபவம் இருந்தால் விரும்பத்தக்கது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்கு வந்தவுடன் கை நின்றுவிடுகிறது. நான் டிஎன்ஏ பிரித்தெடுத்திருக்கிறேன், பிசிஆர் நன்றாகத் தெரியும், கம்பஸில் ஆர் என்ற கணினி மொழி கொஞ்சம் படித்தேன், அவ்வளவுதான்.

விளம்பரத்தை மூடிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. எங்கள் சொந்தத்துக்குள் ஒரு குடும்பம். இரண்டு பிள்ளைகளும் நேரத்துக்கு நடந்து, ஓடி விளையாடி, பிறகு ஒவ்வொருவராக நடையை இழந்தவர்கள். கொழும்பு வரை கொண்டுபோய்க் காட்டியாயிற்று. நரம்போடு சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் யாரும் ஒரு பெயர் சொல்லவில்லை. தாயும் தகப்பனும் மச்சான் மச்சாள் முறை. ஒருவர் நாகதோஷம் என்கிறார், ஒருவர் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அவள் என்ன சாப்பிட்டாளோ என்கிறார், எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த அம்மாவின் தலையில்தான் வந்து விழுகிறது. நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார், என்னால் ஒன்றும் சொல்ல ஏலவில்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன். ஒன்று, இந்த மாதிரிக் குழுவில் தினமும் உண்மையில் என்ன வேலை நடக்கும்? மேசையில் குழாய்களோடா, கொம்பியூட்டருக்கு முன்னாலா? மற்றது, அங்கே போய் அந்த நாட்டுப் பிள்ளைகளின் மரபணுவைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஏதாவது வந்து சேருமா? தெரிந்தவர்கள் மனம்திறந்து சொல்லுங்கள்.

கரவெட்டி டு லண்டன்:

தங்கச்சி, நான் இப்படிப்பட்ட ஒரு குழுவில்தான் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு மனிதரின் ஜீனோமில், அதாவது முழு டிஎன்ஏயில், ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. அந்தப் பகுதிகளை மட்டும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் எக்ஸோம், மொத்தத்தில் 2 வீதம்கூட இல்லை. ஆனால் இதுவரை தெரிந்த நோய்க்காரண மாற்றங்களில் பெரும்பாலானவை அந்தச் சின்னப் பங்குக்குள்தான் இருக்கின்றன. பிள்ளையின் இரத்தத்தில் ஒரு குழாய், தாயின் இரத்தத்தில் ஒரு குழாய், தகப்பனுடையது ஒன்று, மூன்றையும் சேர்த்து ட்ரையோ என்பார்கள். டிஎன்ஏ பிரிப்பது, தரம் பார்ப்பது, அந்த எழுத்துகளை வாசிக்கிற சீக்வென்சிங் இயந்திரத்துக்கு அனுப்புவது எல்லாம் ஆய்வுகூட வேலை. நீங்கள் இப்போது செய்கிறதுக்கு அது அதிகம் தூரம் இல்லை.

அதன் பிறகுதான் நாள் முழுக்க கொம்பியூட்டர். இயந்திரம் துண்டு துண்டாக வாசித்துத் தந்ததை ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கிற ஒரு பொது ஜீனோமோடு பொருத்தி, எங்கெங்கே வித்தியாசம் என்று ஒரு பட்டியல் எடுப்போம். முழு ஜீனோம் என்றால் ஒருவருக்கு 40 முதல் 50 இலட்சம் வித்தியாசம் வரும், எக்ஸோம் மட்டும் என்றால் பத்தாயிரக்கணக்கில். யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான், உங்களுக்கும் எனக்கும்கூட. அதில் 99.9 வீதத்துக்கும் மேல் ஒரு தீங்கும் செய்யாதவை. ஊரில் பலருக்கு இருக்கிற மாற்றம் அரிதான நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது என்பதால் முதலில் அவற்றைக் கழிப்போம். தாயிடமும் தகப்பனிடமும் இல்லாமல் பிள்ளையில் புதிதாகத் தோன்றியது எது, ஒரே மரபணுவின் பழுதான பிரதி இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது எது என்று பார்ப்போம். கடைசியில் ஐந்தோ பத்தோ மிஞ்சும்.

உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்தப் பத்தில் எது? ஒன்றும் இல்லையா? 2015 இல் அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி தந்த வழிகாட்டலின்படி ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து வகுப்பில் ஒன்றில் போடவேண்டும். நோய்க்காரணம் ஒரு முனை, தீங்கற்றது மறுமுனை, நடுவில் இருப்பது அர்த்தம் நிச்சயமில்லாதது. வருவதில் நிறைய இந்த நடு வகுப்பில் வந்து குந்திவிடும். அவசரப்பட்டு இதுதான் காரணம் என்று எழுதினால் ஒரு குடும்பம் அதை நம்பி அடுத்த பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும். தெரியவில்லை என்று எழுதினால் அவர்கள் இன்னும் சில வருடம் காத்திருப்பார்கள். இரண்டுக்கும் இடையில் நின்று, கிடைத்த சான்றை நேர்மையாக நிறுத்துப் பார்க்கிறதுதான் இந்தத் தொழில். மென்பொருளை யாரும் ஆறு மாதத்தில் பழகலாம். இந்தப் பொறுமை வேறு.

பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. இங்கே வளர்ச்சிக் குறைபாடுகளின் காரணத்தைத் தேடுகிற, டிடிடி என்று சொல்லும் பெரிய ஆய்வில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்து 13,000 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்தார்கள், எல்லோரும் அதற்கு முன் எந்தப் பரிசோதனையிலும் பெயர் கிடைக்காதவர்கள். 2023 இல் வந்த முடிவில் ஏறக்குறைய 5,500 பேருக்குக் காரணம் கிடைத்திருந்தது. மற்றவர்களின் தரவை மூடிவைக்கவில்லை, புதிய மரபணு ஒன்று தெரியவரும்போதெல்லாம் திரும்பிப் போய்த் தேடுகிறார்கள். 2024 இல் ஆர்என்யூ4-2 என்ற ஒரு மரபணு அகப்பட்டது, இதற்கு நல்ல உதாரணம் அது. புரதமே செய்யாத, 150 எழுத்துகூட இல்லாத குட்டி மரபணு. எக்ஸோமில் அது வராது, அதனால் பல வருடமாக எல்லோர் கண்ணிலும் படாமல் இருந்தது. முழு ஜீனோம் பார்த்தபோதுதான், பேச்சும் நடையும் பிந்திய எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் காரணம் என்று தெரிந்தது. உலகத்தின் வெவ்வேறு மூலைகளில் பெயரில்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் விடை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம். ஊரில் பலருக்கு இருக்கிற மாற்றத்தைக் கழிப்போம் என்று சொன்னேன் அல்லவா, எந்த ஊர்? நாங்கள் பார்க்கிற பெரிய தரவுத்தளம் நோமாட். அதில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவு இருக்கிறது, தெற்காசியர் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். உலக சனத்தொகையில் நாங்கள் எவ்வளவு என்று யோசியுங்கள். எங்கள் ஆட்களுக்கிடையில் சாதாரணமாக இருக்கிற ஒரு மாற்றம் அங்கே அரிதாகத் தெரியும், அதனால் ஒரு தமிழ்ப் பிள்ளையின் பட்டியலைக் கழித்து முடிக்கும்போது மிஞ்சுவது ஒரு ஐரோப்பியப் பிள்ளையைவிடக் கூட. நிச்சயமில்லாதது என்ற வகுப்பில் எங்கள் பிள்ளைகள்தான் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்.

1000 ஜீனோம்ஸ் திட்டத்தில் இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர் என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது, பல பேருக்கு இது தெரியாது. 26 மக்கள் கூட்டங்களில் 2,504 பேர் 2015 இல் வெளிவந்த இறுதிக் கட்டத்தில், அதில் 102 பேர் எங்கள் ஆட்கள். உலகத்தில் எங்கே ஒருவர் மரபணு ஆய்வு செய்தாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கக்கூடிய தரவு அது. ஆனால் 102 பேரை வைத்துக்கொண்டு அரிதான மாற்றம் எது என்று சொல்லமுடியாது. அந்த எண்ணிக்கை கூடவேண்டும், அதைக் கூட்டுகிற இடத்தில் எங்கள் சனத்தைத் தெரிந்த ஆட்கள் இருக்கவேண்டும். விண்ணப்பியுங்கள்.

வன்னியிலிருந்து:

நான் மறுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது, குறை நினைக்காதீர்கள். இலட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருகிற நோய். பெயர் தெரிந்தாலும் பெரும்பாலும் மருந்து இல்லை. எங்கள் பக்கம் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு டொக்டர் நிரந்தரமாக இருப்பதே பெரிய காரியம். இப்படித் திறமையான பிள்ளைகள் இங்கிருந்து போய்விட்டால் பிளேட்லெட் எண்ணுவது யார்?

இன்னொன்று. வெளிநாட்டுக் குழுக்கள் வருவார்கள், இரத்தம் எடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள், போவார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு ஆய்வுக்கு இரத்தம் கொடுத்த வீடுகள் உண்டு, மரபணு ஆய்வு இல்லை, வேறு ஒன்று. முடிவு என்ன என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. அந்தச் சனத்திடம் போய் மறுபடியும் கையை நீட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

வார்ட்டு டியூட்டி:

வடக்கில் பிள்ளைகள் பிரிவில் வேலை செய்கிற டொக்டர் நான். மேலே எழுதிய அண்ணா சொன்ன இரண்டாவது விஷயத்தை முதலில் எடுக்கிறேன், அது சரியான கோபம். மாதிரி நாட்டை விட்டுப் போவதானால் இங்குள்ள ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், குடும்பத்துக்குப் புரிகிற மொழியில் ஒப்புதல் படிவம் வேண்டும், முடிவு வந்தால் யார் எப்படிச் சொல்லுவார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தங்கச்சி, நேர்முகத்தில் அவர்கள் உங்களிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கடைசியில் கேட்பார்கள். அப்போது இதைக் கேளுங்கள். குடும்பங்களுக்கு முடிவைத் திருப்பிக் கொடுக்க உங்கள் குழுவில் என்ன ஒழுங்கு இருக்கிறது என்று. பதில் வடிவாக வராவிட்டால் அந்தக் குழுவைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

அரிதானது என்பதைப் பற்றி. ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வந்தால் அரிதான நோய் என்பார்கள். ஒவ்வொன்றும் அரிது, சரி. ஆனால் அப்படி 6,000 க்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன, பெரும்பகுதி மரபணுவால் வருகிறவை, அவற்றில் பெரும்பகுதி சிறுவயதிலேயே தொடங்குகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் என் வார்ட்டில் எந்த நாளிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

மருந்து இல்லை என்பதும் முழுக்க உண்மை இல்லை. பயோட்டினிடேஸ் குறைபாடு என்று ஒன்று, வலிப்பு வரும், தோல் சிவக்கும், காது கேளாமல் போகும். நேரத்துக்குக் கண்டுபிடித்தால் பயோட்டின் என்ற விட்டமினைக் கொடுத்து பிள்ளையைச் சாதாரணமாக வளர்க்கலாம். மூளைக்குச் சர்க்கரை சரியாகப் போகாத க்ளூட்1 குறைபாட்டுக்கு உணவை மாற்றினாலே வலிப்பு குறையும். தசைகள் பலமிழந்துபோகிற எஸ்எம்ஏ நோய்க்கு 2016 இல் முதல் மருந்தும் 2019 இல் மரபணு சிகிச்சையும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன, விலையைக் கேட்டால் மூச்சு நிற்கும், அது வேறு சண்டை. 2025 இல் பிலடெல்பியாவில் ஒரு கைக்குழந்தையின் ஒரேயொரு எழுத்துப் பிழைக்கென்றே தனியாக ஒரு மரபணுத் திருத்த மருந்து செய்து கொடுத்தார்கள். அது இங்கே வர எவ்வளவு காலமோ, ஆனால் வருகிறபோது யாருக்குப் பயன்படும்? எந்த எழுத்து பிழை என்று ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு.

அந்தக் குடும்பத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் மச்சான் மச்சாள் கலியாணத்தைப் பற்றி எங்கள் சனத்திடம் இரண்டு பிழையான எண்ணம் இருக்கிறது. ஒன்று, அதில் ஒரு ஆபத்தும் இல்லை, பரம்பரையாகச் செய்கிறோம் என்பது. மற்றது, அப்படிக் கட்டினால் பிள்ளை கட்டாயம் பழுது என்பது. பிராட்ஃபோர்ட் நகரத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் குறைபாடு பொதுவாக 100 இல் 3 பிள்ளைகளுக்கு என்றால் நேரடி மச்சான் மச்சாள் பெற்றோருக்கு 100 இல் 6 என்று வந்தது. இரண்டு மடங்கு. அதே நேரம் 94 பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் ஒவ்வொருவரிடமும் சில பழுதான பிரதிகள் இருக்கின்றன, நல்ல பிரதி ஒன்று கூட இருப்பதால் தெரிவதில்லை. ஒரே பாட்டனிடமிருந்து வந்த அதே பழுது இரு பக்கத்தாலும் ஒரு பிள்ளைக்கு வந்து சேர்ந்தால் நோய். தாய் தகப்பன் இருவரிடமும் அதே பழுது இருந்தால் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, சரிக்குச் சரி. தாயை மட்டும் பார்த்து ஒரு ஊர் பேசுவதற்கு மரபியலில் ஒரு நியாயமும் கிடையாது. இதை அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள், அவரின் மாமியாரும் கேட்கிற இடத்தில் சொல்லுங்கள்.

இது புதிய அறிவும் இல்லை. 1902 இல் ஆர்ச்சிபால்ட் கரொட் என்ற ஆங்கிலேய மருத்துவர், சிறுநீர் கறுக்கிற ஒரு நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரில் பலர் சகோதரர் பிள்ளைகளாக இருப்பதைக் கவனித்துத்தான் இது பரம்பரையாக இறங்குகிறது என்று எழுதினார். அவர் கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் இன்றும் கிளினிக்கில் கேட்கிறோம், நீங்கள் இரண்டுபேரும் சொந்தமா என்று. இங்கே அந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும் நான் அடுத்ததைக் கேட்பேன், இரண்டுபேருக்கும் எந்த ஊர் என்று. ஒரே ஊர், ஒரே கோயிலடி, நாலைந்து தலைமுறையாக அதற்குள்ளேயே கொடுத்து எடுத்திருப்பார்கள். சாதகம் பொருந்தியது என்பார்கள், சொந்தம் என்று நினைக்கமாட்டார்கள், ஆனால் பிள்ளையின் டிஎன்ஏயில் நீளமான துண்டுகள் இரு பக்கமும் ஒரே மாதிரி வந்து நிற்கும். அந்தத் துண்டுகளுக்குள் தேடினால் காரணமான மரபணு கெதியாக அகப்படும். 1987 இல் லாண்டரும் பொட்ஸ்டீனும் இந்த முறையை விளக்கினார்கள், இன்றும் பயன்படுகிறது.

தங்கச்சி, உங்களிடம் இருக்கிற ஒன்றை நீங்கள் விண்ணப்பத்தில் எழுத மறந்துவிடுவீர்கள் என்று நினைக்கிறேன், அதுதான் குடும்பத்தைக் கேட்டறிகிற திறமை. ஒரு வம்சப் படம் வரைவது கடினம் இல்லை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்கு நிரப்பு, சொந்தத்துக்குள் கலியாணத்துக்கு இரட்டைக் கோடு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கீறு. கடினம் எங்கே என்றால், 1995 இடம்பெயர்வில் கைக்குழந்தையாகச் செத்த ஒரு பெரியப்பா மகன் இருப்பான். காய்ச்சல் என்று சொல்லிப் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பத்திரம் இல்லை, படம் இல்லை. அவனுக்கும் கழுத்து நிற்கவில்லையா, அவனுக்கும் வலிப்பு வந்ததா என்று அம்மம்மா ஒருவருக்குத்தான் தெரியும், அவர் அதைப் பற்றிப் பேசி முப்பது வருடம் இருக்கும். ஊர் வழக்கம் தெரியாத வெளி ஆள் கேட்டால் சொல்லமாட்டார். இன்னாரின் பேத்தி என்று அறிமுகமாகி, தேத்தண்ணி குடித்து, பொறுத்திருந்து கேட்கிறவருக்குச் சொல்லுவார். அந்த ஒரு பிள்ளை படத்துக்குள் வந்தால் முழுக் கணக்கும் மாறும். மிச்சச் சொந்தம் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கும், அவர்களையும் ஒருவர் கூப்பிட்டுக் கேட்கவேண்டும், தமிழில்.

தென்மராட்சி அம்மா:

வன்னியிலிருந்து எழுதிய தம்பிக்கு. பெயர் தெரிந்து என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான், அதனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

என் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு. அதன்பிறகு காய்ச்சல் வந்தால் வலிப்பு, வெந்நீரில் குளிக்கவார்த்தால் வலிப்பு, அரை மணித்தியாலம் நிற்காத வலிப்பெல்லாம் வந்தது. ஒரு இடத்தில் கார்பமசெபின் தொடங்கினார்கள், வலிப்புக்குக் கொடுக்கிற மருந்துதான். அவளுக்குக் கூடியது. அளவைக் கூட்டினார்கள், இன்னும் கூடியது. நான் மருந்தை ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்று என்னையே ஏசினார்கள்.

பிறகு வேறு ஒரு டொக்டர் சந்தேகப்பட்டு மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார், மாதிரி இந்தியாவுக்குப் போனது, காசுக்கு என் காப்பு இரண்டும் போனது. வந்த ரிப்போட்டில் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் மாற்றம், டிராவே சின்ட்ரோம். அந்த நோய்க்கு கார்பமசெபின் கொடுக்கவே கூடாதாம், வலிப்பைக் கூட்டும். மருந்தை மாற்றினார்கள். வலிப்பு முழுக்க நிற்கவில்லை, நிற்காது என்றும் சொல்லிவிட்டார்கள், ஆனால் வாரத்தில் பல தடவை வந்தது குறைந்து, இப்போது அவள் முன்பள்ளிக்குப் போகிறாள். அந்த ஒரு தாளில் இருந்த பெயர் இல்லாவிட்டால் பிழையான மருந்தையே இன்னும் குடித்துக்கொண்டிருப்பாள்.

ரிப்போட்டில் இன்னொரு வரி இருந்தது. அந்த மாற்றம் தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை, பிள்ளையில் புதிதாக வந்தது. டொக்டர் அதை எங்களுக்கு வாசித்து விளங்கப்படுத்தினார், எல்லா மனிதரும் பிறக்கும்போது இப்படி சில பத்துப் புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறோம், இவளுக்கு அது விழக்கூடாத இடத்தில் விழுந்துவிட்டது என்று. என் கணவர் அதைப் படம் எடுத்துத் தன் அக்காமாருக்கெல்லாம் அனுப்பினார். அதுவரை வீட்டில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

நீங்கள் போங்கள் மகள். யாரோ எங்கேயோ இருந்து அந்தப் பட்டியலைப் பார்த்தபடியால்தான் என் பிள்ளைக்கு மருந்து மாறியது.

வார்ட்டு டியூட்டி:

அம்மா, எழுதியதற்கு நன்றி. ஒன்று மட்டும் சேர்த்துவிடுகிறேன், இதை வாசிக்கிற வேறு பெற்றோருக்காக. புதிதாக வந்த மாற்றம் என்றால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு, பொதுவாக 100 இல் 1 அளவு என்று சொல்லுவோம், பூச்சியம் இல்லை. ஏனென்றால் சிலவேளை தாயின் முட்டைகளில் அல்லது தகப்பனின் விந்தணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் அது இருக்கலாம், இரத்தத்தில் தெரியாது. அடுத்த பிள்ளைக்கு முன் ஒருதடவை கதைத்துவிடுங்கள்.

நல்லூர்ப் பிள்ளை சொன்ன குடும்பத்துக்கும் வழி இருக்கிறது. கொழும்பு மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983 இல் இருந்தே இயங்குகிறது. அங்கே மரபியல் ஆலோசனைக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டரிடமே கேட்கலாம். போகும்போது பழைய கிளினிக் கொப்பி, எம்ஆர்ஐ படம், பிள்ளைகள் நடந்து திரிந்த காலத்து ஃபோன் வீடியோ எல்லாவற்றையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். எந்த வயதில் நடந்தது, எந்த வயதில் விழத் தொடங்கியது என்பது வீடியோவில் திகதியோடு இருக்கும், அது பெரிய உதவி.

வன்னியிலிருந்து:

அம்மா எழுதியதை வாசித்தேன். மருந்தே மாறும் என்பது எனக்குத் தெரியாது. இரத்தம் எடுத்தால் முடிவு திரும்ப வரவேண்டும் என்பதில் நான் மாறவில்லை, அதை நீங்கள் அங்கே போய் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி.

நல்லூர்ப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி, இரவு முழுக்க இதையே வாசித்துக்கொண்டிருந்தேன். டொக்டர், நாலில் ஒன்று, இரண்டு பக்கத்திலிருந்தும் என்பதை இன்று பின்னேரம் அந்த அக்காவிடம் சொன்னேன், மாமியார் குசினியில் நின்றவர், கேட்டவர். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன்பாட்டில், எங்கட ஐயாவின் தங்கச்சி ஒருத்தியும் நடக்கமாட்டாமல் இருந்து செத்தவள் என்றார். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. எழுதி வைத்திருக்கிறேன், கடிதத்தோடு கொடுத்து விடுகிறேன்.

கரவெட்டி அண்ணா, அனுபவம் விரும்பத்தக்கது என்ற அந்த வரிக்கு நான் என்ன எழுதுவது? விண்ணப்ப முடிவு அடுத்த வெள்ளி. வீசா செலவுகளும் பயமாக இருக்கிறது.

கரவெட்டி டு லண்டன்:

விரும்பத்தக்கது என்றால் கட்டாயம் இல்லை, இங்கே விளம்பரத்தில் அத்தியாவசியம், விரும்பத்தக்கது என்று இரண்டாகப் பிரித்துத்தான் போடுவார்கள். அத்தியாவசியம் என்ற பகுதியில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் செய்த ஒரு வேலையைக் காட்டி ஒரு பந்தி எழுதுங்கள். தெரிவுக் குழு அந்த வரிகளை வைத்துத்தான் புள்ளி போடும், அழகான முன்னுரைக்குப் புள்ளி இல்லை.

எக்ஸோமுக்கு, இந்தக் கிழமையே ஒன்று செய்யலாம். கலக்ஸி என்று ஒரு இலவசத் தளம், பிரவுசரிலேயே ஓடும், உங்கள் லாப்டொப் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. அதன் பயிற்சிப் பக்கத்தில் எக்ஸோம் பாடம் ஒன்று இருக்கிறது. எலும்பு கல்லாக இறுகுகிற ஒஸ்டியோபெட்ரோசிஸ் நோயுள்ள ஒரு பையன், நோயில்லாத தாய் தகப்பன், அவர்கள் இருவரும் சொந்தம். மூன்று பேரின் தரவும் தந்திருக்கிறார்கள், தொடக்கத்திலிருந்து காரணமான மாற்றம் வரை நீங்களே போகலாம். உங்களுக்கென்றே வைத்த கணக்கு. அதைச் செய்துவிட்டு, எந்தக் கட்டத்தில் எத்தனை மாற்றம் மிஞ்சியது, ஏன் இதைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். நேர்முகத்தில் இப்படி ஒரு குடும்பத்தைத் தந்து என்ன செய்வாய் என்று கேட்பது வழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கும் சோதித்துப் பார்ப்பேன், இதே மரபணுவில் மாற்றமுள்ள வேறு பிள்ளை உலகத்தில் யாரிடமாவது இருக்கிறதா என்று ஜீன்மேட்சர் என்ற தளத்தில் தேடுவேன், தெற்காசியர் தரவில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தனியாகப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். குடும்பத்தைக் கேட்டறிகிற விஷயத்தையும் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் அந்த வீட்டு விபரம் எதுவும் அடையாளம் தெரிகிற மாதிரி வரக்கூடாது.

செலவைப் பற்றி. வீசாக் கட்டணத்தைவிடப் பெரியது சுகாதாரக் கட்டணம், 2024 பெப்ரவரியிலிருந்து வருடத்துக்கு 1,035 பவுண், மூன்று வருடத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டவேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அதைத் திருப்பித் தரும், சிலது கடனாகத் தந்து சம்பளத்தில் கழிக்கும். வேலை கிடைத்த பிறகு கேட்காமல் இப்போதே அவர்களின் ஆளணிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், கேட்டதற்காக ஒருவரும் உங்களைக் கழிக்கமாட்டார்கள்.

பாடத்தைச் செய்து எழுதின அரைப் பக்கத்தை புதனுக்குள் எனக்கு அனுப்புங்கள். வியாழன் இரவு பார்த்துத் திருப்பித் தருகிறேன், வெள்ளி காலையில் போட்டுவிடலாம். முடிவு நேரம் இங்கத்தைய நேரத்திலா என்று ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.